செய்தியும் கடைமடை சேர வேண்டும்

(உழவர் பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் உழவியல் சொல்லிக் கொடுப்பவன். நாற்றின் வயது, நடவு இடைவெளி, மேலுரம் இடும் நாள் ஆகியவற்றைப் பற்றித்தான் வழக்கமாக உங்களிடம் பேசுவேன். இன்று தொலைக்காட்சி ஒளிபரப்பு கைப்பேசியை எட்டுவதில் உள்ள இடையூறுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "பயிர் வாத்தியாருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அதை என் வீட்டுக் கதையிலிருந்தே சொல்லுகிறேன்.

2021ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி, காவிரி டெல்டாவில் பருவம் தப்பிப் பெருமழை பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் பல இடங்களில் சாய்ந்து தண்ணீரில் முளைத்தது. என் தகப்பனார் அதற்கு முந்தைய நாள்தான் ஒரு பகுதியை அறுத்துக் களத்தில் இரண்டு அம்பாரமாகக் கொட்டி வைத்திருந்தார். மேகம் திரண்டதும் என் தம்பி கைப்பேசியை எடுத்து வானிலைச் செய்திப் படத்தைத் திறந்தான். திரையில் வட்டம் சுற்றியதே தவிரப் படம் வரவில்லை. நான் தொலைபேசியில் கேட்டபோது, "சுத்திக்கிட்டே இருக்குண்ணே, வர மாட்டேங்குது" என்றான். அந்த நேரத்தில் வரப்பு வழியே ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவரின் சட்டைப் பையில் சிறிய ரேடியோ இருந்தது. "ராத்திரி பலமா ஊத்தும்னு சொல்றான், மூடுங்கப்பா" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். இருந்த தார்ப்பாயை வைத்து ஓர் அம்பாரத்தை மூடினார்கள். இன்னொன்றுக்குப் பாய் இரவல் வாங்கி வருவதற்குள் மழை பிடித்துக் கொண்டது. மூடாத அம்பாரத்தில் நெல் முளை விட்டது. ஆறு மாத உழைப்பில் பாதி அப்படிப் போயிற்று.

இதில் வானிலை ஆய்வாளர்கள் தவறு செய்யவில்லை. எச்சரிக்கையைச் சரியான நேரத்தில் தந்திருந்தார்கள். தொலைக்காட்சியும் அதை ஒளிபரப்பியது. ஆனால் களத்தில் நின்றவன் கையில் இருந்த கருவிக்கு அது வந்து சேரவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் போதாது, கடைமடை வயலில் ஏறினால்தான் பாசனம் என்பது டெல்டாவில் சிறு பிள்ளைக்கும் தெரியும். செய்திக்கும் அதே கணக்குத்தான்.

வானொலி நெல்லும் வயலும் வாழ்வும்

செய்தி நன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் இரகம் வந்தபோது, அதன் சாகுபடி முறைகளைத் திருச்சி வானொலி தொடர்ந்து ஒலிபரப்பியது. தஞ்சைத் தரணியில் அந்த இரகம் வேகமாகப் பரவியது. வானொலி மூலம் அறிந்து பயிரிட்டதால் உழவர்கள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நெல்லுக்குச் செய்தி சாதனத்தின் பெயரை இட்டது நம் உழவர்கள்தாம்.

தொலைக்காட்சியும் உழவரை நாடியே கிராமத்துக்கு வந்தது. டில்லியில் 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று சோதனை முறையில் தொடங்கிய தொலைக்காட்சியில், 1967ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று "கிருஷி தர்ஷன்" என்னும் வேளாண்மை நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. டில்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களில் பொதுப் பெட்டிகளை வைத்து, உழவர்கள் கூடி அமர்ந்து பார்த்தார்கள். பின்னர் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டு காலம் செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக ஒளிபரப்பிப் பார்த்தார்கள். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் வலைக் கம்பியில் செய்த 10 அடிக் குடை ஆன்டெனாக்களே அந்தக் கிராமங்களில் நிறுவப்பட்டன. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. வானொலியில் "வீடும் வயலும்" கேட்டு வளர்ந்த உழவர்கள், தொலைக்காட்சியில் "வயலும் வாழ்வும்" பார்க்கத் தொடங்கினார்கள். 2015ஆம் ஆண்டு மே 26 அன்று உழவர்களுக்கென்றே "டிடி கிசான்" என்ற தனி அலைவரிசையும் வந்தது.

இவை அனைத்திலும் பார்ப்பவர் ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். குறித்த நேரத்தில் பெட்டியின் முன் வந்தார். இன்று அந்த வழக்கம் மாறிவிட்டது. மாலையில் நீங்கள் பால் கறக்கிறீர்கள், மோட்டார் போடப் போகிறீர்கள், கூலிக் கணக்குப் பார்க்கிறீர்கள். பெட்டி வீட்டில் இருக்கிறது, கைப்பேசி மடியில் இருக்கிறது. ஆகவே ஒளிபரப்பாளர்களும் கைப்பேசியைத் தேடி வர வேண்டியவர்களாகி விட்டார்கள். ஆனால் வருவது அத்தனை எளிதாக இல்லை.

மழையும் குடமும்

ஒளிபரப்புக்கும் கைப்பேசி இணையத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஒளிபரப்பு மழையைப் போன்றது. ஒரு கோபுரத்திலிருந்து அலைகள் எல்லாப் பக்கமும் பரவுகின்றன. பத்துப் பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் கோபுரத்துக்குச் சுமை ஒன்றுதான். கொடைக்கானல் மலைமேல் உள்ள வானொலிக் கோபுரத்தின் எஃப்.எம். ஒலிபரப்பு கீழே சமவெளியில் பல மாவட்டங்களில் கேட்கிறது. கேட்பவர் எத்தனை பேர் என்று அந்தக் கோபுரத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

கைப்பேசியில் இணையம் வழியாகப் படம் பார்ப்பது கிணற்றில் குடம் குடமாக இறைப்பதைப் போன்றது. பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஊர்க் கோபுரம் தனித்தனியே படத்தை அனுப்ப வேண்டும். ஒரு சாதாரணப் படத்துக்கு வினாடிக்கு 1 மெகாபிட் தேவை என்று வைத்துக் கொள்வோம். ஓர் ஊரில் 500 பேர் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தால், அந்த ஒரே படத்தையே 500 முறை அனுப்ப வேண்டும். அதாவது வினாடிக்கு 500 மெகாபிட். ஒளிபரப்பாக இருந்தால் அதே 1 மெகாபிட் போதும். எல்லாரும் ஒரே சமயத்தில் கிணற்றடிக்கு வந்தால் குடம் காத்திருக்கத்தான் வேண்டும். என் தம்பியின் திரையில் சுற்றிய வட்டம் இப்படிக் காத்திருந்த குடம்தான். மழை வரும் என்று தெரிந்ததும் ஊரே கைப்பேசியைத் திறந்திருக்கும்.

செலவும் உண்டு. வினாடிக்கு 1 மெகாபிட் என்ற கணக்கில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ 450 மெகாபைட் டேட்டா தீரும். நாள் ஒன்றுக்கு ஒன்றரை ஜி.பி. கிடைக்கும் திட்டத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். படம் தெளிவாக வேண்டும் என்றால் இன்னும் விரைவில் தீர்ந்துவிடும். பிள்ளைகளின் படிப்பும் வீட்டாரின் பேச்சும் அதே கைப்பேசியில்தான் நடக்கின்றன.

இணையத்துக்குரிய நன்மைகளையும் நாம் மறைக்கக் கூடாது. மழை நினைத்த நேரத்தில் வராது, குடத்தை நினைத்தபோது இறைக்கலாம். கரும்பில் இடைக்கணுப் புழுவைப் பற்றிய நிகழ்ச்சியை உங்களுக்குத் தேவைப்படும் நாளில் பார்க்கலாம், நிறுத்தி நிறுத்தித் திரும்பவும் பார்க்கலாம். பயிரின் படத்தை அனுப்பி ஐயம் கேட்கலாம். ஒளிபரப்பில் இவை முடியா. ஆகவே இரண்டும் வேண்டும். எல்லார்க்கும் ஒரே நேரத்தில் சேர வேண்டிய செய்திக்கு ஒளிபரப்பே ஏற்றது. ஒருவர்க்கு மட்டும் உரிய கேள்விக்கு இணையம் ஏற்றது.

ஒளிபரப்பு அலை கைப்பேசியில் ஏன் விழவில்லை?

"காற்றில் அலை வருகிறது, கையில் கருவி இருக்கிறது, பிறகு என்ன தடை?" என்று கேட்கலாம். தடைகள் நான்கு.

முதலாவது, ஆன்டெனா. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு உரிய 500 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலையின் நீளம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். அதைச் செவ்வையாகப் பிடிக்க அதில் பாதி, அதாவது ஓரடி நீளக் கம்பி இருந்தால் நல்லது. கைப்பேசியோ ஒரு சாண்கூட இல்லை.

இரண்டாவது, உயரம். வீட்டு ஆன்டெனா 30 அடி உயரத்தில், கோபுரத்தைப் பார்த்து நிற்கும். கைப்பேசி நாலைந்து அடி உயரத்தில், மரத்தடியிலோ வீட்டுக்குள்ளோ ஓடும் பேருந்திலோ இருக்கும். ஆகவே பல மடங்கு வலுவான அலை தேவை.

மூன்றாவது, மின்கலம். எப்போதும் அலையை வாங்கிக் கொண்டிருந்தால் சார்ஜ் விரைவில் இறங்கும். இதற்கு அறிவியலாளர்கள் நல்ல வழி கண்டார்கள். ஐரோப்பாவில் உருவான டிவிபி-எச் என்ற முறையில், ஒவ்வோர் அலைவரிசையின் படத்தையும் சிறு சிறு கட்டாக அனுப்பினார்கள். தன் கட்டு வரும் நொடியில் மட்டும் கருவி விழித்து வாங்கிக் கொண்டு மற்ற நேரத்தில் ஓய்ந்திருக்கும். நம் முறைப் பாசனம் போன்ற ஏற்பாடுதான்.

நான்காவது தடை அறிவியலால் தீர்வதன்று. ஒளிபரப்பை வாங்கும் உறுப்பு கைப்பேசிக்குள் இருக்க வேண்டும். அதை வைப்பதும் வைக்காததும் கைப்பேசி செய்பவர் விருப்பம். டேட்டா விற்பவர்க்கோ, டேட்டா இல்லாமல் படம் பார்க்கும் வழியில் ஆதாயம் இல்லை. விளைவிப்பவர் ஒருவர், சந்தைக்குப் போகும் பாதை மற்றொருவருடையது என்றால் என்ன நேரும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிற நாடுகளின் பட்டறிவு

இந்த முயற்சியில் நமக்கு முன்னே போனவர்களின் பட்டறிவு பயனுள்ளது.

தென்கொரியாவில் 2005ஆம் ஆண்டு டிசம்பரில் தரைவழி ஒளிபரப்பைக் கைப்பேசிக்கு இலவசமாகத் தரத் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் வழியாகக் கட்டணம் வாங்கி நடத்திய இன்னொரு சேவையும் அதே ஆண்டில் வந்தது. அது 2012இல் மூடப்பட்டது.

ஜப்பானில் 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று "ஒன்செக்" என்ற சேவை தொடங்கியது. ஒரு தொலைக்காட்சி அலைவரிசையை 13 பாத்திகளாகப் பிரித்து, 12 பாத்திகளை வீட்டுப் பெட்டிக்கும் 1 பாத்தியைக் கைப்பேசிக்கும் விட்டார்கள். அதற்காகத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. உள்நாட்டுக் கைப்பேசி நிறுவனங்கள் வாங்கும் உறுப்பைத் தங்கள் கருவிகளில் வைத்தன. 2011ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது தொலைபேசிகள் நெரிசலில் திணறின. மின்சாரமும் பல இடங்களில் இல்லை. கையிலிருந்த ஒன்செக் திரையில் பலர் எச்சரிக்கைகளைப் பார்த்தார்கள். அந்த அனுபவம் நம் கடலோர மாவட்டங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது.

ஆனால் அதே ஜப்பானிலும் நிலைமை மாறியது. வெளியிலிருந்து வந்து பெருவரவேற்புப் பெற்ற ஐபோனில் அந்த உறுப்பு இல்லை. பிற கைப்பேசிகளிலும் அது படிப்படியாகக் குறைந்து போயிற்று. ஒன்செக் கைப்பேசி வைத்திருப்போரும் பொது ஒளிபரப்புக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் வாங்கி 2012இல் தொடங்கிய "நாட்டிவி" என்ற வேறொரு சேவை 2016இல் நின்றது.

அமெரிக்காவில் 2007இல் வந்த "மீடியாஃப்ளோ"வுக்குத் தனிக் கைப்பேசியும் மாதக் கட்டணமும் வேண்டியிருந்தன. 2011 மார்ச்சில் அது மூடப்பட்டது. ஐரோப்பாவில் டிவிபி-எச் முறையை 2008இல் ஐரோப்பிய ஆணையம் ஆதரித்தும், வாங்கும் கைப்பேசிகள் கடையில் அரிதாகவே இருந்தன. சேவைகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன.

இவற்றைப் படிக்கும்போது எனக்கு இரகம் வெளியிடும் அனுபவம்தான் நினைவுக்கு வருகிறது. ஆராய்ச்சி நிலையத்தில் எவ்வளவு நல்ல இரகம் உருவானாலும், விதை டிப்போவில் விதை இல்லாவிட்டால் அது வயலுக்கு வராது. விதை விலை கட்டுப்படியாகாவிட்டாலும் வராது. வாங்கும் உறுப்பு இல்லாத ஒளிபரப்பு, விதை கிடைக்காத இரகத்தைப் போன்றதே.

நம் நாட்டில் நடப்பது

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூர்தர்ஷன், சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் கைப்பேசிக்கு இலவச ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆனால் கைப்பேசியில் ஒரு சிறு கருவியைத் தனியே வாங்கிச் செருக வேண்டியிருந்தது. ஆகவே பரவலாக எடுபடவில்லை. மறுபுறம், கிராமங்களுக்கு எட்டிய பழைய தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்களில் மிகப் பெரும்பாலானவை 2022க்குள் மூடப்பட்டன. குடை ஆன்டெனா, கேபிள், இணையம் என்ற வழிகளே இன்று பெரும்பாலான வீடுகளுக்கு மிஞ்சியிருக்கின்றன. 2024 நவம்பரில் பிரசார் பாரதி "வேவ்ஸ்" என்ற செயலியைத் தொடங்கியது. தூர்தர்ஷன் அலைவரிசைகளை அதில் கைப்பேசியில் பார்க்கலாம். அதுவும் டேட்டா செலவில் இறைக்கும் குடம்தான்.

இந்நிலையில் "நேரடிக் கைப்பேசி ஒளிபரப்பு" என்ற புதிய முயற்சி நடக்கிறது. ஆங்கில எழுத்துகளால் டி2எம் என்று குறிப்பிடுகிறார்கள். சிம் அட்டையும் டேட்டாவும் இல்லாமல், கோபுரத்து ஒளிபரப்பைக் கைப்பேசியே நேரே வாங்கிக் கொள்ளும் முறை இது. கான்பூர் ஐ.ஐ.டி.யும் பெங்களூரின் சாங்க்யா நிறுவனமும் இதில் முன்னின்று உழைத்துள்ளன. பெங்களூரு, டில்லியின் கர்தவ்ய பாதை, நொய்டா ஆகிய இடங்களில் சோதனைகள் நடந்தன. 19 நகரங்களில் மேலும் சோதிக்கப்படும் என்று 2024 ஜனவரியில் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலர் அறிவித்தார். நாட்டின் 28 கோடி வீடுகளில் 19 கோடி வீடுகளிலேயே தொலைக்காட்சிப் பெட்டி உண்டு, திறன் கைப்பேசிகளோ 80 கோடி இருக்கின்றன என்றும் அவர் குறிப்பிட்டார். பெட்டி இல்லாத 9 கோடி வீடுகளை இதனால் எட்டலாம் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்ப்பும் உண்டு. வாங்கும் உறுப்பை வைத்தால் ஒரு கைப்பேசியின் அடக்கம் ஏறத்தாழ 30 டாலர் கூடும், மின்கலம் விரைவில் இறங்கும் என்று சாம்சங், குவால்காம் முதலிய நிறுவனங்கள் 2023இல் அரசுக்கு எழுதின. அலைக்கற்றையைத் தாங்கள் ஏலத்தில் எடுக்கும்போது ஒளிபரப்பாளருக்கு மட்டும் வேறு முறையா என்று தொலைபேசி நிறுவனங்கள் கேட்கின்றன. இவற்றை முற்றிலும் தள்ளிவிட முடியாது. 2,000 ரூபாய் கூடினாலும் சிறு உழவர் வாங்கத் தயங்குவார் என்பது உண்மையே. நான் இதைப் பேசும் நாள் வரையில், நாடு முழுதும் எவர்க்கும் கிடைக்கும் சேவையாக இது வந்துவிடவில்லை. வரும் என்று நம்பலாம். ஆனால் வந்துவிட்டதாக எண்ணி நம் ஏற்பாடுகளைக் கைவிடக் கூடாது.

புயல் நாளில்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னை வேரோடு சாய்ந்ததை நீங்கள் அறிவீர்கள். மின்கம்பங்கள் விழுந்து வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. கைப்பேசிக் கோபுரங்களும் பல இடங்களில் நாள்கணக்கில் ஓய்ந்தன. ஊருக்கு ஊர் நிற்கும் கோபுரங்கள் அனைத்துக்கும் மின்சாரமோ டீசலோ வேண்டும். ஆனால் தொலைவில் உள்ள ஒரு பெரிய ஒளிபரப்புக் கோபுரம் இயங்கினால் போதும், பேட்டரி ரேடியோ வைத்திருப்பவர் செய்தி கேட்கலாம். நிவாரணம் எங்கே, பாதை எப்போது திறக்கும், சாய்ந்த தென்னையை என்ன செய்வது என்று தெரிந்து கொள்ளும் தேவை புயலுக்கு முன்னைவிடப் பின்னர் இன்னும் அதிகம்.

ஒளிபரப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை

அலை சேர்ந்துவிட்டாலும் நிகழ்ச்சி சேர்ந்துவிட்டதாகாது. பெட்டிக்கென்று எடுத்த படம் கைப்பேசியில் பல நேரங்களில் பயன் தருவதில்லை. மதிய வெயிலில் திரையே தெரியாது. அதில் பொடி எழுத்தில் மருந்தளவைப் போட்டால் யார் படிப்பது? எனவே, வேளாண்மை நிகழ்ச்சி தயாரிப்போரிடம் நாம் கேட்க வேண்டியவை இவை: அளவுகளை வாயால் இரண்டு முறை சொல்ல வேண்டும். பூச்சியையும் நோய் அறிகுறியையும் மிக அருகில் காட்ட வேண்டும். ஒரு செய்திக்கு ஐந்து நிமிடம் போதும். எந்தத் தேதியில், எந்த மாவட்டத்துக்கும் பருவத்துக்கும் சொல்லப்பட்டது என்பது திரையில் எப்போதும் தெரிய வேண்டும்.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. சென்ற ஆண்டு ஓர் உழவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "சார், இதுல சொன்னபடிதான் போட்டேன், பயிரு கருகிப் போச்சு" என்றார். பார்த்தால், அது வேறு மாநிலத்தில், வேறு மண்ணுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் எடுத்தது. பேசியவர் யார் என்றே அதில் இல்லை. பழைய ஒளிபரப்பில் நேற்றைய நிகழ்ச்சி நேற்றோடு முடிந்தது. கைப்பேசியிலோ ஐந்தாண்டுக்கு முந்தைய பரிந்துரை இன்று வந்ததுபோல் வந்து நிற்கிறது.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. உங்கள் கைப்பேசியில் எஃப்.எம். வானொலி உண்டா என்று இன்றே பாருங்கள். பல கருவிகளில் கம்பி உள்ள இயர்போனைச் செருகினால்தான் அது வேலை செய்யும். அந்தக் கம்பியே ஆன்டெனா. இதற்கு டேட்டா தேவையில்லை. எஃப்.எம். வசதியை அடைத்து வைக்கக் கூடாது என்று 2023இல் மத்திய அரசு கைப்பேசி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. புதுக் கைப்பேசி வாங்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

2. கைப்பேசியின் அமைப்புகள் பகுதியில் அவசர எச்சரிக்கை என்ற வசதியை அணைத்து வைக்காதீர்கள். 2023 அக்டோபரில் தமிழகத்தில் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் பலமாக ஒலித்து ஒரு சோதனைச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். கோபுரத்தின் எல்லையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே வீச்சில் சேரும் முறை அது. அதற்கும் டேட்டா வேண்டாம். கோபுரம் இயங்கினால் போதும்.

3. பழைய சிறு ரேடியோவை எடைக்குப் போடாதீர்கள். ஐப்பசி பிறக்குமுன் இரண்டு பேட்டரி செல் வாங்கி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தவுடன் கைப்பேசியை முழுதும் சார்ஜ் செய்து கொள்ளுங்கள்.

4. பயிர் நிகழ்ச்சிகளை டவர் நன்றாகக் கிடைக்கும் நேரத்தில் பார்த்து, உர அளவு, மருந்தளவு, நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வயலில் நின்று படம் தேட வேண்டாம்.

5. எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்றைக் கேளுங்கள்: சொல்பவர் யார்? எப்போது சொன்னார்? எந்த ஊர் மண்ணுக்குச் சொன்னார்? மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால் மருந்து வாங்கப் போகாதீர்கள். உங்கள் வேளாண்மை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள். உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லை.

6. வானிலை ஆய்வுத் துறையின் "மேகதூத்" செயலியில் வேளாண் வானிலை அறிவுரைகள் எழுத்தாகவே வருகின்றன. படத்தைவிட எழுத்துக்கு டேட்டா மிகக் குறைவு. வட்டம் சுற்றும் நேரத்திலும் எழுத்து வந்துவிடும்.

7. உழவர் மன்றங்களில் வாரம் ஒரு நாள் கூடி ஒரே திரையில் நிகழ்ச்சியைப் பாருங்கள். பார்த்தபின் அரை மணி நேரம் பேசுங்கள். 1967இல் அந்த 80 கிராமங்களில் நடந்தது இதுதான். ஒருவர்க்குப் புரியாதது இன்னொருவர்க்குப் புரிந்திருக்கும்.

8. கைப்பேசி இல்லாத பக்கத்து வயல்காரரிடம், எச்சரிக்கை கேட்டவுடன் ஒரு குரல் கொடுங்கள். ஆடு ஓட்டி வந்த அந்தப் பெரியவர் எங்கள் வீட்டு அம்பாரங்களில் ஒன்றைக் காப்பாற்றியது அப்படித்தான்.

முடிவாக

வாய்க்கால் வெட்டுவது அரசின் பணி, தண்ணீர் விடுவது நீர்வளத் துறையின் பணி என்று இருந்தாலும், கடைமடை உழவர்கள் சங்கம் வைத்துக் கேட்டதால்தான் பல இடங்களில் தண்ணீர் வந்தது. ஒளிபரப்புக்கும் அதே வழிதான். எந்த அலைக்கற்றை, எந்தக் கருவி, யாருக்கு ஆதாயம் என்ற பேச்சுகள் நகரங்களில் நடக்கின்றன. அங்கே உழவர் தரப்பில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. வானிலை எச்சரிக்கையும் பயிர்ப் பாதுகாப்புச் செய்தியும் சிறு உழவரின் சாதாரணக் கைப்பேசிக்கு டேட்டாவும் கட்டணமும் இல்லாமல் வந்து சேர வேண்டும். உங்கள் ஊர்க் கிராம சபையில், உழவர் குறைதீர் நாள் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள். அதற்குள், மேலே சொன்ன எளிய ஏற்பாடுகளைச் செய்து கொண்டு பயன்பெறுமாறு உங்களை அன்புடன் கேட்டுக் கொள்கிறேன்.

என் தகப்பனார் இப்போது அறுவடைக் காலத்தில் இரண்டு தார்ப்பாய்களை வாங்கி வைத்துக் கொள்கிறார். களத்து மேட்டுக் கொட்டகையில் ஆணியில் ஒரு சிறு ரேடியோவும் தொங்குகிறது. கைப்பேசியும் இருக்கிறது. மூன்றில் எது முதலில் சொல்லும் என்று பார்த்துக் கொண்டிருக்கிறார்.